ஒரே தாளில் வந்த இரண்டு நாள்

தம்பி,

பம்பாயிலிருந்து நீ போட்ட கடிதம் நேற்றுக் கிடைத்தது. மழை விடவில்லை, அறையில் நாலு பேர், சப்பாத்தி தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது, மேலதிகாரி நல்ல மனுஷராகத் தெரிகிறார் என்று எல்லாம் எழுதிவிட்டு, தாளில் இடம் மீந்துபோன மாதிரி கடைசியில் ஒரு வரி வைத்திருந்தாய். ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் எல்லாருக்கும் யாராவது வந்திருந்தார்கள் என்று. ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஜீப் கிடைக்கவில்லை, அம்மாவுக்குத் தலைவலி என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். கேட்காமல் விட்டதால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியான ஜீப்பில் இறங்கி வந்துவிடுகிறோம், நீ முந்தின நாளே திருப்பத்தூரில் சிநேகிதன் வீட்டில் போய்த் தங்கு என்று சொன்னவன் நான். சொன்ன வாக்கைத் தவறினேன். பிள்ளை முதல் தடவையாக ஊரை விட்டுப் போகிறான், பெற்றவர்கள் இரண்டு பேரும் வரவில்லை என்றால் உன் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு இந்த வீட்டில் பத்தொன்பது வருஷமாக நடக்காதது ஒன்று நடந்தது. அதைக் கேட்டுவிட்டுக் கோபப்படு.

வாத்தியாருக்குத் தேதியிலிருந்துதான் கதையைத் தொடங்கத் தெரியும். என் வகுப்புக் கரும்பலகையின் இடது மூலையில் 'இன்று' என்று தலைப்புப் போட்டு, உலகத்தில் அந்தத் தேதியில் என்னென்ன நடந்தது என்று தினம் எழுதிப்போடுவேனே, நினைவிருக்கிறதா? புதூர்நாட்டு மலையில் சாமையும் புளியும் பலாவும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வெளியே ஒரு உலகம் இருக்கிறது என்று காட்ட எனக்குத் தெரிந்த வழி அதுதான். ஏப்ரல் முதல் தேதி முட்டாள்கள் தினம் என்று எழுதிய அன்று ஒரு பிள்ளையும் நம்பவில்லை, சார்தான் நம்மை முட்டாளாக்கப் பார்க்கிறார் என்று சிரித்தார்கள். ஆகஸ்ட் பதினைந்துக்கு மட்டும் பலகையில் இடம் போதாது. நமக்கு விடுதலை நாள். கொரியாக்காரர்களுக்கும் அதுதான் விடுதலை நாள், ஆப்பிரிக்காவில் ஒரு காங்கோவுக்கும் அதே நாள். பனாமா கால்வாயைத் திறந்துவிட்டது அந்தத் தேதியில். மாதா கோயில்களில் மாதா விண்ணுக்குப் போன திருநாள். இத்தனையும் எழுதிவிட்டுக் கீழே ஒரு வரி இடம் விடுவேன். அங்கே என்ன எழுதுவீர்கள் சார் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. அது உன் அக்கா மல்லிகாவின் வரி.

அப்போது உனக்கு மூன்று வயசு, அவளுக்கு ஏழு. எழுபதாம் வருஷம். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தவளுக்கு அன்று காலையில் சூடு இறங்கியிருந்தது. கஞ்சி கேட்டுக் குடித்தாள். அம்மாதான் என்னைக் கொடியேற்றப் போகச் சொன்னாள், பிள்ளைகள் காத்திருக்கும் என்று. போனேன், கொடி ஏற்றினேன், மிட்டாய் கொடுத்தேன், ஒரு மிட்டாயை இவளுக்கென்று கொண்டுவந்து கையில் வைத்தேன். காய்ச்சல் விட்டதும் தின்கிறேன் என்று மூடி வைத்துக்கொண்டாள். பத்து மணிக்கு மேல் உடம்பு மறுபடி கொதிக்க ஆரம்பித்தது, கைகால் இழுத்து வெட்டும் வந்தது. அப்போது நம் ஊருக்கு ஜீப் பாதை கிடையாது. பக்கத்து வீட்டுப் பொன்னனும் இன்னும் மூன்று பேரும் போர்வையில் டோலி கட்டித் தூக்கினார்கள். ஆலங்காயத்துக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதையில், சாமைக் கொல்லைக்கு நடுவே, பாதி வழியில் அவள் போய்விட்டாள். நான் டோலிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தும் எனக்கு அது தெரியவில்லை. அம்மாதான் நிற்கச் சொன்னாள். மூடிய கையைப் பிரித்தபோது மிட்டாய் கரைந்து உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது. அம்மா அந்தக் கையைக் கழுவியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இது உனக்குத் தெரிந்த கதைதான், பாதியாவது. தெரியாதது அடுத்த வருஷம் நடந்தது. குழந்தைக்குத் திதியெல்லாம் கிடையாது என்று செங்கத்து மாமா வீட்டுப் பெரியவர்கள் சொல்லியும் உன் அம்மா கேட்கவில்லை. ஆடி மாசம் வளர்பிறை சதுர்த்தசி, அதுதான் என் பெண்ணின் நாள் என்று எடுத்துக்கொண்டாள். நிலாக் கணக்கு உனக்குத் தெரியுமே, நம் தேதிக்குக் கட்டுப்படாது, வருஷா வருஷம் நழுவும். அந்த வருஷம் பத்து நாள் முந்திக்கொண்டு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தால் இலை போட்டுப் படையல் வைத்திருக்கிறாள், சாமைப் பொங்கலும் வெல்லமும். எனக்கு எங்கிருந்து அப்படி ஆத்திரம் வந்ததோ. "போன வருஷம் இதே தேதியில பொண்ணு உசுரோட ஓடிக்கினு இருந்தா. உசுரோட இருந்த நாள்ல படையல் போடுறியே, உனக்கே அடுக்குமா?" என்று கேட்டுவிட்டேன். கணக்கு வாத்தியார் தப்பைக் கண்டுபிடித்த மாதிரி கேட்டேன். அவள் இலையைப் பார்த்தபடியே, "எனக்கு நிலாக் கணக்குதான் தெரியும். உங்க தேதிக்கு நீங்க அழுவுங்க" என்றாள். பத்து நாள் கழித்து என் தேதி வந்தது. கொடியேற்றிவிட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள், அன்றைக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி.

அன்றிலிருந்து இந்த வீட்டில் அதுவே பழக்கமாகிவிட்டது. அவள் நாளில் நான் பள்ளிக்கூடத்திலேயே பொழுதை ஓட்டிவிட்டு வருவேன். என் நாளில் அவள் கொல்லையில் வேலை வைத்துக்கொள்வாள். சண்டை என்று சொல்ல முடியாது. சேர்ந்துதான் சாப்பிட்டோம், உன்னை வளர்த்தோம், உன் மார்க்கைப் பார்த்துச் சேர்ந்தே பெருமைப்பட்டோம். ஆனால் மல்லிகா என்ற பெயரை ஒருத்தர் முன்னால் ஒருத்தர் வாயால் சொன்னதில்லை. நீ எட்டு வயசில் ஒரு நாள் என்னிடம் வந்து, "அப்பா, அக்கா ரெண்டு தடவ செத்துச்சா?" என்று கேட்டாய். உன்னை அதட்டி விளையாட அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் இன்னும் கொடுக்கவில்லை, கடனாகவே நிற்கிறது.

இதில் மலைக்காரர்களின் நாள் வேறு. சாமைக்கு இரண்டாம் களை எடுக்கிற பருவத்தில், டோலி நின்ற அந்தக் கொல்லையில் ஒரு நாள் யாரும் களைக்கொத்தைத் தொட மாட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் பொன்னன் வந்து, "நாளைக்கி கொத்து எடுக்கல சார்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவான். எந்தத் தேதி என்றும் கிடையாது, எந்தத் திதி என்றும் கிடையாது, பயிர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் கணக்கு. ஊருக்கே ஒரு பெண்ணால் வந்த லீவு அது. நம் பெண்ணை அவர்கள் அப்படி நினைத்துக்கொண்டார்கள். ஆனால் அன்றைக்கும் உன் அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்தான். ஒரே பெண்ணுக்கு வருஷத்தில் மூன்று நாள், அதில் ஒரு நாள்கூட எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இல்லை. மாற்றல் வந்தபோதெல்லாம் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து இந்த மலையிலேயே கிடந்ததற்குக் காரணம் அவளை இங்கே புதைத்திருப்பதுதான். அதைக்கூட அம்மாவிடம் சொன்னதில்லை. பாதை போட்டபிறகு கீழே நல்ல வீடு பார்த்துப் போயிருக்கலாம் என்று நீ கேட்டபோது, மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று உளறினேன்.

வீட்டுக்குள் மிட்டாய் வராததையும் நீ கவனித்திருப்பாய். சுதந்திர தினத்தன்று நீ வாசலிலேயே நின்று மிட்டாயை மென்று முடிக்கவேண்டும், வாயைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். ஏன் என்று கேட்டால் எறும்பு வரும் என்பாள். சட்டைக் கையால் வாயைத் துடைத்து, நாக்கு சிவந்திருக்கிறதா என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் நீட்டிக் காட்டிவிட்டு உள்ளே வருவாய். 

ஒரு வருஷம் அவள் நாள் பதினாலாம் தேதியே வந்தது. நீ அப்போது ஒன்பதாவது படித்தாய். இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்தால் இரண்டும் சேர்ந்துவிடும், நாளைக்கே போடலாமே என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அவளாக ஒரு வார்த்தை கேட்கட்டும் என்று நான் இருந்தேன். நானாக ஒரு வார்த்தை கேட்கட்டும் என்று அவளும் இருந்திருக்கிறாள், இப்போதுதான் சொன்னாள். வீம்பு பிடித்த கழுதைகள் இரண்டை ஒரே கொட்டிலில் கட்டி வைத்தால் இப்படித்தான். நாளை வா என்றால் நிலா நிற்குமா? அடுத்த வருஷம் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

இந்த ஜனவரியில் செங்கத்து மாமா வழக்கம்போல மண்டிக் காலண்டர் கொடுத்தனுப்பினார். காலண்டர் வந்த அன்றே அம்மா ஆடி மாசத் தாள்களைப் புரட்டித் தன் நாளைக் கண்டுபிடித்து மூலையை மடித்து வைப்பாள். இந்தத் தடவை மடித்துவிட்டு ஆணிக்கு முன்னாலேயே வெகுநேரம் நின்றாள். அவள் கொல்லைக்குப் போனதும் நான் போய்ப் பார்த்தேன். மடித்த தாளில் சிவப்பு எழுத்தில் சுதந்திர தினம் என்று போட்டிருந்தது, கொடிப் படம் இருந்தது. கீழே சின்ன எழுத்தில், சதுர்த்தசி. அவள் நாளும் என் நாளும் ஒரே தாளில். சூரியக் கணக்கும் சந்திரக் கணக்கும் பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு தடவை கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து நிற்கும் என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் வீட்டுச் சுவரில் அதைப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லிதான் கூழ்ப்பானையில் விழும். அந்தத் தாளைப் பற்றி நான் அவளிடம் பேசவில்லை, அவளும் பேசவில்லை. ஏழு மாசம் அந்த மடிப்பை நாங்கள் இரண்டு பேரும் தினம் பார்த்தோம்.

நடுவில்தான் உன் வேலை உத்தரவு வந்தது. லீவு நாள், ரயிலில் கூட்டம் இருக்காது என்று பதினைந்தாம் தேதிக்கே நீ டிக்கெட் எடுத்துவிட்டு வந்து சொன்னாய். அம்மா உன்னைப் பார்க்கவில்லை, காலண்டரைப் பார்த்தாள். வேறு தேதியில் போ என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாய், அந்த ஏனுக்கு எங்கள் இரண்டு பேர் வாயிலும் பதில் இல்லை. கொடியேற்றிவிட்டு வந்து, அவள் படையல் போட்டால் தள்ளி நின்று பார்த்துவிட்டு, மத்தியான ஜீப்பைப் பிடித்து உன்னிடம் வந்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். வழக்கம்போல என் கணக்கு.

அன்று காலையில் வேட்டியைக் கட்டிக்கொண்டு கொடியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அடுப்படியிலிருந்து, "இன்னாங்க" என்று குரல் வந்தது. திரும்பினேன். "வரும்போது மிட்டாய் எடுத்துக்கினு வாங்க. அவ கையில இருந்துச்சே, அந்த மாதிரி" என்றாள். தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். அன்றைக்குக் கொடி எப்படி ஏறியது, ஜனகணமன யார் பாடினார்கள், ஒன்றும் எனக்கு நினைவில்லை. பலகையில் கொரியாவும் பனாமாவும் எழுதவில்லை. பிள்ளைகள் கேட்டார்கள், நாளைக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் இலை போட்டிருந்தாள். எனக்கும் ஒரு மணை போட்டிருந்தாள். மிட்டாயை வாங்கி இலையின் வலது பக்கம் வைத்தாள், பெண்ணின் கை அந்தப் பக்கம்தான் இருக்கும் என்கிற மாதிரி. சூடம் அணைந்தபிறகும் எழுந்திருக்கவில்லை. நான்தான் கேட்டேன், என் நாளில் ஒரு தடவைகூட ஏன் பக்கத்தில் வந்து உட்காரவில்லை என்று. கேட்க எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது பார். அவள் சொன்னாள், "ஊரே மிட்டாய் தின்னு சிரிக்கிற நாள்ல எம்பொண்ணு செத்தான்னு என்னால ஒத்துக்க முடியல. அதான் நிலாவப் புடிச்சிக்கினேன். வேற ஒண்ணுமில்ல." பிறகு நானும் சொன்னேன், அவளிடம் சொல்லாமல் வைத்திருந்ததை. அந்த முதல் வருஷம் அவள் படையல் போட்ட தேதி, மல்லிகாவுக்கு முன்பல் விழுந்த தேதி. பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிகிறேன் என்று எறிந்து, அது திரும்பத் திரும்ப உருண்டு வந்து, நானும் மல்லிகாவும் விழுந்து விழுந்து சிரித்த நாள். கடைசியில் அவளை என் தோள்மேல் ஏற்றிவிட்டேன், அப்புறம்தான் பல் கூரையில் தங்கியது. அந்த நாளில் அவளுக்குப் படையல் என்றதும் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. தேதி சரியா தப்பா என்பது அல்ல, அந்த ஒரு நாளாவது அவள் உயிரோடு இருக்கட்டும் என்று இருந்தது. உன் அம்மா என்னையே பார்த்தாள். "இத அன்னிக்கே சொல்லக் கூடாதா?" என்றாள். அப்புறம், "மல்லிகா" என்றாள். அப்புறம் அழுதாள். நானும் அழுதேன். வாத்தியார் அழுதேன் என்று பிள்ளைக்கு எழுதுகிறேன், சிரித்துக்கொள்.

அந்த நேரத்தில்தான் ஜீப் வந்தது. வாசலில் நின்று இரண்டு தடவை ஆரன் அடித்தான். உன்னிடம் வரவேண்டிய ஜீப் அது. அம்மா அந்தப் பல் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள், தான் அப்போது எங்கே இருந்தோம், மல்லிகா பொட்டுப் பாவாடையா போட்டிருந்தாள் என்று. என்னால் எழுந்திருக்க முடியவில்லை தம்பி. அவளும் எழுந்திருக்கவில்லை. ஜீப் வளைவு திரும்பி இறங்குகிற சத்தம் கேட்டது, அப்போதுதான் இரண்டு பேருக்கும் உன் முகம் நினைவுக்கு வந்து, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். செத்த பிள்ளைக்காக இருக்கிற பிள்ளையை விட்டுவிட்டோமே என்று அம்மா அன்று சாயங்காலம் முழுக்கப் புலம்பினாள். உன் ரயில் கிளம்புகிற நேரத்துக்கு வாசலில் வந்து மேற்கே பார்த்து நின்றாள், அங்கிருந்து தண்டவாளமா தெரியும். அடுத்த தடவை இரண்டு நாளும் ஒன்றாக வரும்போது எனக்கு எழுபது தாண்டியிருக்கும். நான் இருப்பேனோ, அவள் இருப்பாளோ, ஒருத்தர் மட்டும் இருப்போமோ. அதனால்தான் எழுந்திருக்க முடியாமல் போயிற்று என்று உன்னிடம் சொன்னால் உனக்குப் புரியும் என்று நம்புகிறேன். புரியாவிட்டாலும் உன்மேல் குற்றமில்லை.

உனக்கும் ஒருத்தி வருவாள். பம்பாயில் பார்த்துக்கொண்டாலும் சரி, செங்கத்தில் மாமா பார்த்துக் கொடுத்தாலும் சரி, கல்யாணத்தில் சிரிக்க எல்லாருக்கும் தெரியும், அதற்கு என் புத்திமதி வேண்டாம். துக்கம் வரும்போது, வராமலே இருக்கட்டும், வந்தால், உன் நாள் எது, அவள் நாள் எது என்று முதல் நாளே கேட்டுக்கொள். அவள் நாள் உனக்குத் தப்பாகப் படும். தப்பாகவே படட்டும், போய்ப் பக்கத்தில் உட்கார். உனக்கு ஏன் தப்பாகப் படுகிறது என்பதையும் சொல்லிவிடு. நான் சொல்லாமல் விட்ட ஒரு பல்லின் கதை உன் அம்மாவுக்கு எத்தனை ஆடி மாசத்தைத் தின்றுவிட்டது என்று பார்.

பொன்னன் அதற்கு ஒரு வாரம் கழித்துதான் வந்து, நாளைக்குக் கொத்து எடுக்கவில்லை என்று சொன்னான். அவர்கள் நாள் தன் போக்கில் வந்தது. அன்றைக்கு நானும் அம்மாவும் சேர்ந்து அந்தக் கொல்லைவரை நடந்துவிட்டு வந்தோம்.  ஆகஸ்ட் பதினைந்து இனிமேல் நீ வீட்டை விட்டுப் போன நாளும்தான், அதையும் அந்தத் தாளில் சேர்த்துக்கொண்டாயிற்று.

இந்தக் கடிதத்தோடு காகிதத்தில் பொதிந்து ஒரு மிட்டாய் இருக்கும். அன்று நான் கொண்டுவந்ததில் உனக்கென்று அம்மா எடுத்து வைத்தது. தபாலில் நசுங்கிப் போயிருக்கலாம், பரவாயில்லை, தின்றுவிடு. வேறு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "வூட்டுக்குள்ளயே வெச்சித் தின்னச் சொல்லுங்க. வாய தொடைக்க வேணாம்னு எழுதுங்க."

அப்பா